தஞ்சாவூரில் ஒரு தணிக்கை

திருச்சிக்காரர்களுக்குத் தஞ்சாவூர் சுற்றிப் பார்க்கிற ஊர் இல்லை. கல்யாணத்துக்குப் போவோம், துக்கம் கேட்கப் போவோம், மெடிக்கல் காலேஜில் யாராவது படுத்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாகப் போவோம். ஒரு மணி நேரப் பயணம். பெரிய கோயில் விமானம் கண்ணில் பட்டதும் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கும் அதுதான் தஞ்சாவூர். இரண்டு பேரும் ஓய்வு பெற்றபின் வந்த ஒரு மார்கழியில் என் மனைவிதான் சொன்னாள், "யார் வீட்டு விசேஷமும் இல்லாம ஒரு தடவை போய்ட்டு வரலாங்க. மொய் எழுத வேண்டாம், செலவும் மிச்சம்."

அவள் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்தவள். பஞ்சாயத்து யூனியன் கணக்குகளில் தொலைந்துபோன சிமெண்ட் மூட்டைகளைத் தேடியே காலத்தை ஓட்டியவள். நான் தமிழாசிரியர். எனக்குக் கதை முக்கியம், அவளுக்கு வவுச்சர் முக்கியம். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

காலை பாசஞ்சரில் போய் இறங்கினோம். ரயிலடியை ஒட்டிய ஒரு சின்ன ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. கடப்பா தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துச் சமாசாரம். ஆந்திராவில் அதே பேரில் ஊர் இருக்கிறதே என்று கேட்டால் சப்ளையர் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வெந்த உருளைக்கிழங்கைக் கையால் உடைத்துப் போட்டு, தேங்காயும் பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவார்கள். சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக, கரண்டியிலிருந்து விழும்போது சட்டென்று விழாமல் ஒரு கணம் யோசித்து விழுகிற பதம். சப்ளையர் இட்லியின் பக்கத்தில் ஊற்றவில்லை. இட்லியின் தலைமேலேயே ஊற்றினார். இட்லி மூழ்கியது. அங்கங்கே உடையாத உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று தலைகாட்டியது. மனைவி விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "சோம்பு ஒரு கை தூக்கல். ஆனா எலுமிச்சம்பழம் காப்பாத்திடுது" என்றாள். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளிடம் அதற்கு மேல் நற்சான்றிதழ் கிடைக்காது.

பெரிய கோயிலுக்குள் நுழையும்போது மணி எட்டு இருக்கும். கேரளாந்தகன் வாயிலையும் ராசராசன் வாயிலையும் தாண்டியதும் ஒரு வழிகாட்டி ஒட்டிக்கொண்டார். நல்ல மனிதர், நல்ல குரல். விமானம் 216 அடி, சுற்றுவட்டாரத்தில் பாறையே இல்லாத மண்ணில் இத்தனை கருங்கல்லையும் கொண்டுவந்து 1010-ல் முடித்தார்கள் என்பது வரைக்கும் சரியாகத்தான் போனது. அதன்பின் வழக்கமானவை வந்தன. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே போனது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது.

மனைவி அண்ணாந்து பார்த்தாள், பிறகு காலடியைப் பார்த்தாள். மார்கழி வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றிருந்த வடமேற்கு மூலைக் கல் தளம் ஜில்லென்று இருந்தது. பத்தடி தள்ளி வெயில். "அப்ப நாம நிக்கிறது எதோட நிழல் சார்?" என்றாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "உச்சிக் கலசத்தோட நிழலைச் சொன்னேம்மா" என்றார். "சரி" என்று ஐம்பது ரூபாயைக் கொடுத்து அனுப்பி வைத்தாள். நந்தியையும் அவள் விடவில்லை. அது ராசராசன் வைத்ததே இல்லை, நாயக்கர் காலத்துக் கல். சோழர் நந்தி பக்கத்துத் திருச்சுற்றில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொன்னதும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பழைய ஹெட்கிளார்க்கை ஓரமா உட்கார வெச்சிருக்காங்க" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உச்சிக்கல் பல துண்டுகளால் ஆனது என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த 80 டன் கல்லை ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்பாதை போட்டார்கள், அதற்காகவே அந்த ஊருக்கு அந்தப் பெயர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கதையில்லாத கோபுரம் எனக்கு ஒட்டாது.

அதனால் அவளை விமானத்தின் அடிப்பகுதிக்குக் கூட்டிப்போனேன். பெரும்பாலானவர்கள் அண்ணாந்தே பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கோயிலில் குனிந்து பார்க்க வேண்டியது அதிகம். உருண்டையாக ஓடும் குமுதத்திலும் அதற்கு மேலும் கீழும் உள்ள பட்டைகளிலும் எழுத்து. சுவரில்லை அது, பேரேடு. புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள், நடுவே கிரந்தம், வரிக்கு வரி ஒரே அளவு. சிற்றுளி இறங்கிய பள்ளத்தில் ஆயிரம் வருஷத்து எண்ணெயும் தூசியும் அடைந்து, எழுத்து கல்லைவிடக் கறுப்பாக நிற்கிறது. கொஞ்ச நேரம் பழகினால் 'நெல்லு' என்பதும் 'ஆடவல்லான்' என்பதும் கண்ணுக்குப் பிடிபடும்.

"என்ன எழுதியிருக்கு?"

"கணக்கு" என்றேன்.

அவ்வளவுதான். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டாள்.

ராசராசனும் அவன் அக்காள் குந்தவையும் அரசிகளும் அதிகாரிகளும் கொடுத்த படிமங்கள், நகைகள், பாத்திரங்கள் எல்லாம் இங்கே வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் நிறுத்திருக்கிறார்கள். நிறுத்த எடைக்கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று கூத்தபிரான் பெயர். முத்துமாலை என்று மொத்தமாக எழுதி முடிப்பதில்லை. முத்து எத்தனை, எந்த ரகம், எடையில் சரடும் அரக்கும் சேர்த்தியா நீக்கியா என்பது வரை இருக்கிறது. "சரடைக் கழிச்சு நிகர எடை போட்டிருக்கானா!" என்று அவள் கேட்ட குரலில் இருந்த மரியாதையை நான் எந்த அரசனுக்கும் அவளிடம் பார்த்ததில்லை.

விளக்குக் கணக்கைச் சொன்னபோது அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டாள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. பசுவானால் 48, எருமையானால் 16. ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடானாலும் செத்தாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. கல்வெட்டுக்காரர்கள் இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள்.

"முதல் அப்படியே நிக்கணும், வட்டி மட்டும் நெய்யா வரணும். ஃபிக்ஸட் டெபாசிட்டுங்க இது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வறட்சி வந்து மந்தையே போயிட்டா அந்த இடையன் என்ன பண்ணுவான்? ரைட்-ஆஃப் கிடையாதா?" என்றாள். கல்லில் அதற்குப் பதில் நான் படித்ததில்லை. பேராட்டுச் சொல்லழகில் மயங்கி வகுப்பில் அதைப் பலமுறை சொன்ன எனக்கு அந்த இடையனின் ஞாபகம் வந்ததில்லை.

இந்தக் கணக்குகளைப் படித்து அச்சிலேற்றியவர் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர். 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார். இந்தக் கோயிலைக் கட்டியவன் ராசராசன் என்று ஊர் திரும்பத் தெரிந்துகொண்டதே அவர் இதைப் படித்த பிறகுதான். அதுவரை கரிகாலன், கிருமிகண்ட சோழன் என்றெல்லாம் ஸ்தல புராணம் பேசிக்கொண்டிருந்தது. வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறத்தில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நீளமான பட்டியல். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து ஆடல் பணிக்காகத் தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்கள், ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும். அவர்களுக்குப் பின்னால் நட்டுவர்கள், மத்தளக்காரர்கள், விளக்கேற்றுபவர்கள், நாவிதர், தையற்காரர், கணக்கர். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் முதல் வீடு நக்கன் சேரமங்கை. திருவையாற்றில் ராசராசனின் அரசி உலகமாதேவி எடுப்பித்த கோயிலிலிருந்து வந்தவள்.

"நானூறு பேருக்கு ஒரே அடியா டிரான்ஸ்ஃபர் ஆர்டர்" என்றாள் மனைவி. "விருப்பம் கேட்டிருப்பாங்களா?"

அவளும் கல்யாணமான புதிதில் ஒருமுறை ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போனவள். நான் வாயைத் திறக்கவில்லை.

கோயிலிலிருந்து அரண்மனைக்கு ஆட்டோ. நாயக்கர் கட்டத் தொடங்கி மராட்டியர் முடித்த கட்டடம் அது. முடித்தார்கள் என்பதைவிட மேலும் மேலும் ஒட்டவைத்தார்கள் என்பதே பொருத்தம். ஒரு மாடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடக்கிறது. 1955-ல் தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்கியது. அரண்மனையில் அது ஏன் இருக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை, பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அதைத்தான் முதலில் தேடி ஓடுகிறார்கள்.

நாங்கள் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளிடம் போனோம். தஞ்சாவூரில் ஒரே ஒரு பொருளைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பெரிய கோயிலைச் சொல்ல மாட்டேன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைத்தான் சொல்வேன். 1011-ல், பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறிய மறுவருஷம், எழுந்தருளுவிக்கப்பட்ட படிமம். மூன்றடிக்குச் சற்று மேல். சடையை வாரித் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, பாம்பைச் செருகியிருக்கிறார். ஒரு கால் ஊன்றி மறு கால் முன்னால் குறுக்கே வந்து விரல் நுனியில் நிற்கிறது. வலது முழங்கை மடங்கி, கை எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. அந்த எதன் மேலோதான் இல்லை. காளை இருந்திருக்க வேண்டிய இடம் வெற்றிடம். திருவெண்காட்டு மண்ணிலிருந்து தேவர் கிடைத்தார், பக்கத்தில் நிற்கும் உமை கிடைத்தாள், காளை கிடைக்கவில்லை. விரல்கள் மட்டும் காளையின் திமில் இருந்த உயரத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் காளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் தலை திருப்பியிருக்கும் என்றுகூடச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

நான் இப்படிச் சொன்னபோது அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிலையைச் சுற்றிவந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் கையை அதே போல மடக்கி அந்தரத்தில் வைத்துப் பார்த்தாள். காவலர் திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். "அம்பாளை அடுத்த வருஷம்தான் செஞ்சு வெச்சாங்கன்னு போட்டிருக்கு. வருஷம் முழுக்க மாட்டோட தனியா நின்னிருக்கார் பாவம்" என்றாள். "இப்ப மாடு போயி அம்பாள் இருக்கா" என்றேன். "அதான் முறை" என்றாள்.

சாப்பாடு பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மெஸ்ஸில் வாழையிலைச் சாப்பாடு, வாழைத்தண்டுக் கூட்டு நன்றாக இருந்தது, வத்தக்குழம்பில் உப்பு அதிகம். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாங்கள் வெளியூர் என்று தெரிந்ததும் சாம்பார் பிறந்த ஊர் இதுதான் என்று ஆரம்பித்தார். மராட்டிய மன்னர் சாகுஜி காலத்தில் அரண்மனைச் சமையலறையில் புளிப்புக்குக் கோகம் தீர்ந்துபோக, புளியைக் கரைத்துத் துவரம்பருப்பில் விட்டார்களாம். விருந்தாளியாக வந்த சாம்பாஜியின் பெயரையே அதற்கு வைத்தார்களாம். நான் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி மோரை ஊற்றிக்கொண்டே, "வவுச்சர்?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். வவுச்சர் கிடையாது. சாம்பாஜி இந்தப் பக்கம் விருந்துக்கு வந்ததற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பெரியவர் சொன்ன விதத்தில் புளி கரைகிற வாசனை வந்தது. அதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

அரண்மனைச் சமையலுக்கு எழுத்துச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற மராத்திச் சமையல் சுவடி உண்டு, அச்சாகியும் இருக்கிறது. சரபேந்திரர் என்பது இரண்டாம் சரபோஜிதான். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். ஆட்சி முழுவதும் கும்பினிக்குப் போய்விட, அவருக்கு மிஞ்சியது கோட்டையும் மானியமும். வேறு ஒருவர் என்றால் வேட்டையும் விருந்துமாக அந்தப் பணத்தைக் கரைத்திருப்பார். இவர் புத்தகம் வாங்கினார், சுவடி எழுத ஆள் வைத்தார், தன்வந்திரி மகால் நடத்தினார். கண் நோயாளிகளுக்குப் படம் வரைந்து சிகிச்சைக் குறிப்பு எழுதி வைத்தார்கள், அது இன்றும் நூலகச் சேமிப்பில் இருக்கிறது. அருங்காட்சிக் கூடத்தில் மனித முகத்தை ஆந்தையோடும் ஒட்டகத்தோடும் ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் படங்கள் மாட்டியிருக்கின்றன. மனைவி ஒரு முகத்தைக் காட்டி எங்கள் பழைய வீட்டுக்காரர் என்றாள். நான் மறுக்கவில்லை. அடுத்த சுவரில் சீனத்துத் தண்டனைப் படங்கள். அவற்றைக் கண்டதும் நடையை வேகமாக்கிவிட்டாள்.

வெளியே தலையாட்டி பொம்மை வாங்கினோம். அடிப்பாகத்தில் களிமண் கனம், மேலே காகிதக்கூழ். எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடும். பேரம் ஐந்து நிமிஷம் நடந்தது, வென்றது கடைக்காரர்.

மணி நாலரை. ஊர் திரும்பலாம் என்றேன். பேத்திக்குச் சந்திரகலா வாங்கிக்கொண்டால் போதும். கோவாவை உள்ளே வைத்து, அரை நிலா மாதிரி மடித்து ஓரம் முறுக்கி, பொரித்துப் பாகில் போட்ட இனிப்பு. அதை வாங்கிப் பையில் வைத்த பிறகு அவள் சொன்னாள், "திருவையாத்துக்கு டவுன் பஸ் நிக்குது. சேரமங்கை எங்கேருந்து வந்தான்னு பாத்துட்டுப் போயிடுவோம்."

வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, பிறகு காவிரி. பாலம் பாலமாக ஏறி இறங்கும் பயணம். மார்கழி என்பதால் ஆறுகளில் தண்ணீர் இருந்தது, இரண்டு பக்கமும் சம்பா பால் பிடித்து நின்றது. ஒவ்வொரு பாலத்திலும் அவள் ஆற்றின் பெயரைக் கேட்டாள், நான் வரிசையைக் குழப்பாமல் சொன்னேன். பக்கத்துச் சீட்டுப் பையன் செல்போனில் சரிபார்த்துக்கொண்டான்.

திருவையாற்றில் முதல் வேலை அசோகா. ஆண்டவர் அல்வாக் கடையில் சின்ன இலையில் வைத்துக் கொடுத்தார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, நெய் கக்கும் வரை விடாமல் கிண்டியது. இலையில் வைத்ததும் தானாக மெல்லப் பரவி ஓரத்தில் நெய் விலகி நின்றது. கூடவே கொஞ்சம் காராபூந்தி. காலையில் கடப்பாவில் குழைந்த அதே பருப்புதான் இங்கே இப்படி வேஷம் மாறியிருந்தது. நாலு வாய்க்கு மேல் யாராலும் முடியாது. எனக்கு நாலாவது வாயிலேயே கண் சொக்கியது. சர்க்கரை அளவுக்காக நான் சாப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அன்று தணிக்கை அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாறப்பர் கோயிலுக்குள்ளேயே வடக்குப் பக்கம் தனியாக இருக்கிறது உலகமாதேவி கட்டிய கோயில். இப்போது வடகயிலாயம் என்கிறார்கள். பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு அது கைக்குள் அடங்கும் அளவு. கூட்டமே இல்லை. ஒரு பெண்மணி படியில் கோலப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். "இங்கேருந்து தெற்குத் தளிச்சேரிக்கு எப்படிப் போயிருப்பா? அஞ்சு ஆறு, அப்ப பாலம் ஏது" என்றாள் மனைவி. பரிசலில்தான் என்றேன். பெட்டி படுக்கையோடா, சலங்கையை யார் கையில் கொடுத்திருப்பாள், அம்மா கூட வந்திருப்பாளா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. இஷ்டத்துக்குச் சொன்னேன். வவுச்சர் கேட்கவில்லை.

வெளிப் பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு குடும்பம் கத்திக்கொண்டிருந்தது. அங்கே நின்று ஐயாறா என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பது ஊர் வழக்கு. அவர்கள் போனதும் நாங்கள் போய் நின்றோம். "நீங்க கூப்பிடுங்க, நான் எண்றேன்" என்று விரல்களை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டாள். முப்பது பிள்ளைகளை அடக்கிய குரல் என்னுடையது. கூப்பிட்டேன். மதில் திருப்பிச் சொன்னது, இன்னொன்று சொன்னது, அப்புறம் தூரத்தில் ஒன்று. எனக்கு நாலு கேட்டது. ஐந்தாவது இருந்ததா, வெளியே போன லாரியா என்று நிச்சயமில்லை. இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன்.

"எத்தனை?"

மடக்கிய விரல்களைப் பிரித்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஏழுன்னே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் நடந்தாள்.